தராசு அறியாத நோய்

“குளிசையை விட்டேன், உடம்பு இறங்கிவிட்டது” என்று ஒருவர் மகிழ்கிறார். “குளிசையை விட்டேன், உடம்பு ஏறிவிட்டது” என்று மற்றொருவர் கலங்குகிறார். இருவருக்கும் நோய் ஒன்றே: உயர் குருதியமுக்கம். இருவரும் வைத்தியரைக் கேளாமலே மருந்தைக் கைவிட்டவர்கள். தம் உடல் தேறிற்றா, கெட்டதா என்று அறிய இருவரும் ஏறி நின்றதும் தராசொன்றின் மீதுதான். மருதமுனையிலிருந்து கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அட்டாளைச்சேனை வழியாக அக்கரைப்பற்று வரை நீளும் எமது கரையோர ஊர்களில் இவ்விரு குரல்களும் கேளாத நாளில்லை. பஸ் வண்டியிலும் மீன் சந்தையிலும் கலியாண வீட்டிலும் இதே பேச்சு.

இவ்விருவரில் எவர் கண்டது உண்மை? தராசு இருவருக்கும் பொய் சொல்லவில்லை. ஆயினும் அவர்கள் அறியவேண்டிய உண்மையை அது அறியாது. அதனை அறிந்தவர்களோ வாய் திறப்பதில்லை. இதுவே எமது குற்றச்சாட்டு.

இவ்விடயத்தைப் பேசத் தொடங்கினால் எமது ஆசிரியர் அறையில் ஆயத்தமாக ஒரு விடை கிடைக்கும்: “சனங்களுக்கு அறிவில்லை.” பட்டமும் பதவியும் பெற்ற நாம் இவ்வொரு வாக்கியத்தைச் சொல்லி எத்தனை பொறுப்புகளிலிருந்து விலகிக்கொள்கிறோம்! ஒரு காலத்தில் நாமும் அவ்வாறே எண்ணியிருந்தோம் என்பதை ஒளிக்காமல் ஒப்புக்கொள்கிறோம். எமது மாமிக்கு நேர்ந்தது அந்த எண்ணத்தைத் தகர்த்துவிட்டது.

மாமிக்கு வயது ஐம்பத்திரண்டு. கைத்தறிக் குடும்பத்தில் பிறந்து, தறியிலிருந்தே நான்கு பிள்ளைகளை ஆளாக்கியவர். அரசாங்க ஆஸ்பத்திரியொன்றின் கிளினிக்கில் அமுக்கம் பார்த்து அற்றெனலோல் என்னும் குளிசையைக் கொடுத்தார்கள். ஓராண்டு ஒருநாளும் தவறாமல் போட்டுவந்தார். அவ்வோராண்டில் உடல் நிறை இரண்டு கிலோ கூடிற்று. கலியாண வீடொன்றில் உறவுக்காரி ஒருத்தி, “என்னகா, இப்பிடி ஊதிப் போயிட்டாய்?” என்று பலர் முன்னிலையில் கேட்டுவிட்டாள். அடுத்த கிளினிக் நாளில் மாமி துணிவை வரவழைத்துக்கொண்டு கேட்டார்: “டொக்டர், இந்தக் குளிசையால உடம்பு பெருக்குமா?” அவருக்குப் பின்னால் நீண்ட வரிசை. கொப்பியிலிருந்து நிமிராத தலையிலிருந்து விடை வந்தது: “சாப்பாட்டைக் குறையுங்க.”

அந்த வாரமே மாமி குளிசையை நிறுத்திவிட்டார். தொடர்ந்து நோன்பு மாதம் வந்தது. பெருநாளுக்கு முதல்நாள் தராசில் ஏறியபோது மூன்று கிலோ குறைந்திருந்தது. “பாத்தியா மகன், எல்லாம் அந்தக் குளிசை செஞ்ச வேலை” என்று எம்மிடம் சொன்னபோது அவர் முகத்தில் இருந்த வெற்றிக்களிப்பு இன்னும் எமது கண்ணில் நிற்கிறது. பல்கலைக்கழகம் சென்று பட்டம் பெற்ற நாம் அதற்கு மறுமொழி சொல்லத் தெரியாமல் சிரித்துவைத்தோம். பெருநாள் கழிந்து மூன்றாம் வாரம், ஸுபஹ் வேளையில் எழுந்தவருக்கு வலக்கையைத் தூக்க முடியவில்லை, நாக்குக் குழறிற்று. பாரிசவாதம். உயிர் தப்பிற்று. ஆனால் நாற்பதாண்டுகள் தறியில் ஓடம் எறிந்த கை, இன்று தேநீர்க் கோப்பையை ஏந்தவும் நடுங்குகிறது.

இப்பொழுது கேட்கிறோம்: மாமி கேட்டது அறிவில்லாதவர் கேட்கும் கேள்வியா?

மருத்துவ உலகம் பல ஆண்டுகளாக ஆராய்ந்து விடை எழுதிவைத்திருக்கும் கேள்வி அது. அற்றெனலோல், மெற்றோப்புரலோல், புரொப்பிரனலோல் ஆகியன ‘பீற்றா தடுப்பிகள்’ எனப்படும் ஒரே இனத்தைச் சேர்ந்தவை. இவை இருதயத் துடிப்பைத் தணிக்கின்றன. உடல் செலவிடும் சக்தியையும் சற்றே குறைக்கின்றன. சிலருக்குக் களைப்பைத் தந்து நடமாட்டத்தையும் குறைக்கின்றன. பல பரிசோதனைகளைத் தொகுத்து 2001இல் வெளியான ஆய்வொன்று, இவற்றை உட்கொண்டவர்கள் ஏனையோரைவிடச் சராசரி 1.2 கிலோ கூடுதலாக நிறை ஏறினர் என்று காட்டிற்று. அவ்வேற்றம் பெரும்பாலும் முதற் சில மாதங்களில் நிகழ்ந்து பின்னர் நின்றுவிடும். ஆகவே மாமியின் ஐயத்தில் ஒரு கிலோ அளவிற்கேனும் நியாயம் இருந்தது. தறியில் இருந்தபடியே தம் உடலைக் கவனித்து, பேராசிரியர்கள் கணக்கிட்டுக் கண்டதை அவர் தாமாகவே ஊகித்திருக்கிறார்! இவரைத்தான் நாம் அறிவில்லாதவர் என்கிறோம்.

அவருடைய கேள்விக்கு விடை மட்டுமன்று, பரிகாரமும் இருந்தது. லொசாட்டன், எனலபிரில் முதலிய குளிசைகள் அமுக்கத்தைக் குறைக்கும். உடல் நிறையை ஏற்றுவதில்லை. வேறு நோயில்லாத சாதாரண உயர் அமுக்கத்திற்குப் பீற்றா தடுப்பியை முதல் மருந்தாகக் கொடுக்கும் வழக்கத்தைப் பிரித்தானியாவின் வழிகாட்டி நூல் 2006இலேயே கைவிட்டுவிட்டது. மாரடைப்புக் கண்டவர்க்கும் இருதயம் பலவீனமுற்றவர்க்கும் அதே மருந்து உயிர்காக்கும் மருந்தாக இருக்கலாம் என்பதும் உண்மை. எவருக்கு எது வேண்டும் என்பதை முடிவு செய்வது வைத்தியரின் வேலை. அந்த வேலைக்கு முதற்படி, நோயாளியின் கேள்வியைக் காதில் வாங்குவது.

மாமிக்குச் சொல்லப்படாத இன்னொன்றும் உண்டு. அதுவே எல்லாவற்றிலும் ஆபத்தானது. பீற்றா தடுப்பியைத் திடீரென நிறுத்தலாகாது. நெடுநாள் அடக்கிவைக்கப்பட்ட இருதயம், அடக்குவது நீங்கியதும் முன்னிலும் மூர்க்கமாகத் துடிக்கத் தொடங்கும். அமுக்கம் பாய்ந்தேறும், இருதய நோயுள்ளவர்க்கு நெஞ்சுவலியும் மாரடைப்பும் நேரலாம். நிறுத்தவே வேண்டுமாயின் வைத்தியரின் கண்காணிப்பில் வாரக்கணக்கில் அளவைப் படிப்படியாகக் குறைத்தே நிறுத்தவேண்டும். இந்த ஓர் எச்சரிக்கையைச் சொல்ல அரை நிமிடம் போதும். அந்த அரை நிமிடம் எமது மாமிக்குக் கிடைக்கவில்லை.

சரி, அந்த மூன்று கிலோ எங்கே போயிற்று? நோன்பு மாதம் முழுவதும் பகலில் உணவும் நீரும் இல்லை. இரவிலும் அவர் வேண்டுமென்றே குறைத்து உண்டார். இறங்கிய நிறை நோன்பினாலும் பத்தியத்தினாலும் இறங்கியது. புகழோ குளிசையை நிறுத்தியதற்குப் போய்ச் சேர்ந்தது. நோன்பு காலத்தில் குளிசையை விட்டுவிடும் வழக்கம் எமது ஊர்களில் பரவலாக உண்டு. நோயாளிக்கு மார்க்கமே சலுகை அளித்திருக்கிறது. அன்றியும், நாளுக்கு ஒருமுறை போடும் குளிசைகள் பலவற்றை ஸஹருக்கோ நோன்பு திறந்த பின்னரோ மாற்றிக்கொள்ளலாம். நோன்பு தொடங்குமுன் வைத்தியரிடம் கேட்டு ஒழுங்கு செய்துகொள்வதற்கு எத்தடையும் இல்லை.

இனி, குளிசையை விட்டதால் ‘உடம்பு ஏறிய’ மற்றவரைப் பார்ப்போம். கரைவலை இழுக்கும் தொழிலாளி ஒருவரை நாம் அறிவோம். அவருக்குக் கொடுக்கப்பட்டது ஐதரோகுளோரோதயசைட்டு. எமது ஊர்ப் பேச்சில் ‘மூத்திரக் குளிசை’. சிறுநீரகத்தின் வழியாக உப்பையும், உப்போடு நீரையும் வெளியேற்றுவது அதன் தொழில். அதனைத் தொடங்கிய நாட்களில் நிறை ஒன்றிரண்டு கிலோ குறையலாம். அது நீரின் நிறை. நிறுத்தினால் சில நாட்களிலேயே உப்பும் நீரும் திரும்பிவந்து உடலில் தங்கும், நிறையும் திரும்பும். ஒரு லீற்றர் நீர் ஒரு கிலோ என்பது எமது மாணவரும் அறிந்த பாடம். அம்மனிதரோ ஒரே வாரத்தில் இரண்டு கிலோ கூடியதைக் கண்டு, கொழுப்பு ஏறிவிட்டதென்று அஞ்சிச் சோற்றைப் பாதியாக்கினார். நாள்தோறும் தின்ற கருவாட்டையும் அச்சாற்றையும் தொடவில்லை! குறைக்கவேண்டியதை விட்டு, உழைக்கும் உடலுக்கு வேண்டியதைக் குறைத்தார். ஒருவர் நாளொன்றுக்கு உண்ணும் உப்பு 5 கிராமுக்குள், அதாவது ஒரு தேக்கரண்டிக்குள், அடங்கவேண்டுமென்று உலகச் சுகாதார நிறுவனம் சொல்கிறது. கருவாடில்லாத நாளைக் காணாத கரையில், இதனைச் சொல்ல எவரும் அவர் வாடிக்கு வரவில்லை.

அம்லோடிபின் போடும் சிலருக்குக் கணுக்கால் வீங்கும். அதனையும் ‘உடம்பு பெருத்தது’ என்றே எண்ணுகிறார்கள். நுண்ணிய குழாய்களிலிருந்து கசிந்து காலில் தேங்கும் நீர் அது. அளவைக் குறைத்தாலோ மருந்தை மாற்றினாலோ பெரும்பாலும் வடிந்துவிடும். ஆனால் இருதயம் பலவீனமடைந்து பிரூசமைட்டு என்னும் நீரிறக்கும் குளிசையில் இருப்பவர் அதை நிறுத்தி, மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறி, படுத்தால் மூச்சுத் திணறுகிறதென்றால், அது அழகைப் பற்றிய கவலையன்று. உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடவேண்டிய அறிகுறி.

நீரையும் கொழுப்பையும் பிரித்தறியத் தராசுக்குத் தெரியாது. அமுக்கத்தை அளக்க அதனால் இயலவே இயலாது. அமுக்கம் 140/90ஐத் தாண்டி 180 வரை ஏறினாலும் பலருக்கு ஒரு தலைவலிகூட வருவதில்லை. அதனாலேயே இந்நோய் உலகெங்கும் ஒளிந்து வாழ்கிறது. 30 வயதுக்கும் 79 வயதுக்கும் இடைப்பட்டோரில் 128 கோடிப் பேருக்கு இந்நோய் உண்டென்றும், அவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் அதனை அறியார் என்றும் உலகச் சுகாதார நிறுவனம் 2021இல் அறிவித்தது. இலங்கையிலும் வளர்ந்தோரில் ஏறத்தாழ மூவரில் ஒருவருக்கு இந்நோய். இவர்களில் மருந்தை நிறுத்துபவர் ஒவ்வொருவரும் முதலில் காண்பது அமுக்கத்தை அன்று; கண்ணாடியையும் தராசையும்.

இந்த அறிவு இரகசியமன்று. நூல்களில் கிடக்கிறது; ஆங்கிலத்தில் கிடக்கிறது. எமது மக்களின் கைக்கு வரும் குளிசை உறையைப் பாருங்கள். மருந்தின் பெயர் ஆங்கிலத்தில், அதுவும் பாதிக் கிறுக்கலில். வேளைக்கு எத்தனை என்பது ஒரு குறியீட்டில். ஏன், எதற்கு, விட்டால் என்ன நேரும் என்பன எங்கும் இல்லை. 1987ஆம் ஆண்டு அரசியலமைப்புக்குச் செய்யப்பட்ட 13ஆவது திருத்தம் தமிழையும் இந்நாட்டின் ஆட்சிமொழியாக்கிற்று. எமக்குக் கிடைத்த குளிசை உறைகளுக்கு அத்திருத்தம் இன்னும் வந்துசேரவில்லை!

திருக்குறளில் ‘மருந்து’ என்றோர் அதிகாரம் உண்டு. வகுப்பில் அதனைப் பாடமாக நடத்துகிறோம். நோயாளி, வைத்தியன், மருந்து, அருகிருந்து துணைசெய்பவன் என நாற்கூறாக வைத்தியத்தை வகுத்த வள்ளுவர், முதலில் வைத்தது நோயாளியை. இன்றைய கிளினிக்கில் மருந்து உண்டு; வைத்தியர் உண்டு; நோயாளிதான் இல்லை. அவருடைய இடத்தில் ஒரு கொப்பியும் ஓர் இலக்கமும் இருக்கின்றன.

இந்நாட்டில் எப்பொழுதும் இப்படித்தான் என்று சொல்வதற்கில்லை. வைத்தியர் எஸ். ஏ. விக்கிரமசிங்கவும் பேராசிரியர் சேனக்க பிபிலேயும் மருந்து வணிகத்தை ஆராய்ந்து 1971இல் அளித்த அறிக்கையை நினைவு கூர்வோம். ஒரே மருந்துக்கு நூறு வணிகப் பெயர் சூட்டி நூறு விலைக்கு விற்ற பன்னாட்டுக் கம்பனிகளை எதிர்த்து, மருந்தை அதன் பொதுப்பெயரால் வாங்கி மலிவாக மக்களுக்குக் கொடுக்கலாம் என்று காட்டியவர் பிபிலே. அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனத்தின் முதற் தலைவராக அதனைச் செய்தும் காட்டினார். அவர் 1977இல் கயானாவில் காலமானார். மாமி கையிலிருந்த உறையில் வணிகப் பெயரன்றி அற்றெனலோல் என்ற பொதுப்பெயர் எழுதியிருந்ததே, அது அத்தகைய போராட்டத்தின் மிச்சம். பிபிலேயின் தலைமுறை மருந்தை மக்கள் கைக்குக் கொண்டுவந்தது. மருந்தைப் பற்றிய அறிவை அதே கைக்குக் கொண்டுவருவது எமது தலைமுறையின் கடன். அக்கடனை நாம் தீர்க்கவில்லை.

2022ஐ மறந்துவிடலாமா? ஏப்ரல் மாதத்தில் நாடு வெளிநாட்டுக் கடனைச் செலுத்த இயலாதென அறிவித்தது. அரசாங்க ஆஸ்பத்திரிகளில் மருந்துகள் தீர்ந்தன; வெளியில் வாங்கச் சொல்லித் துண்டு எழுதிக் கொடுத்தார்கள். பாமசியில் விலை கேட்டுத் திரும்பியவர்களை எமது ஊர்களில் கண்டோம். ஒரு குளிசையை இரண்டாக உடைத்துப் போட்டவர்கள் உண்டு. ஒருநாள் விட்டு ஒருநாள் போட்டவர்கள் உண்டு. அடியோடு விட்டவர்களும் உண்டு. விட்டும் ஒன்றும் ஆகவில்லையே என்று அன்று அவர்கள் கற்ற பாடம், மருந்து திரும்பி வந்த பின்னும் அவர்களை விட்டு நீங்கவில்லை. ஆட்சியாளர் செய்த குற்றத்திற்கு ஏழையின் இரத்தக்குழாய் ஈடு கட்டிக்கொண்டிருக்கிறது.

இந்த இடைவெளியில்தான் தூள் வியாபாரி நுழைகிறான். “இங்கிலீசு மருந்து உடம்பை ஊதவைக்கும், எங்கள் மூலிகைத் தூள் அமுக்கத்தையும் இறக்கும், உடம்பையும் இறக்கும்” என்கிறான். அவன் தமிழில் பேசுகிறான், நின்று பேசுகிறான், கேள்விக்கெல்லாம் விடை சொல்கிறான். சொல்வது பொய்தான். ஆயினும் கிளினிக் காட்டாத மரியாதையை அவன் காட்டுகிறான். மக்கள் ஏமாறுவது தூளில் மட்டுமன்று, அந்த மரியாதையிலுந்தான்.

“ஒரு காலைக்குள் நூற்றுக்கணக்கானோரைப் பார்க்கும் வைத்தியர் எப்படி விளக்கம் சொல்வார்?” என்று நண்பர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. அவ்வைத்தியர் மீது எமக்குக் கோபமில்லை; அவரும் அதே வரிசையின் கைதி. ஆனால் விளக்கம் சொல்ல வைத்தியர்தான் வேண்டுமா? ஒரு தாதி போதாதா? ஒரு தாள் போதாதா? தேர்தல் வந்தால் இதே ஊர்களின் ஒவ்வொரு மதிலிலும் இரவோடிரவாக ஒட்டுவதற்குத் தமிழில் தாள் அச்சிட முடிகிறதே!

“உடம்பைக் குறை, நட” என்ற உபதேசத்தைப் பற்றியும் ஒரு சொல். உடல் நிறை ஒரு கிலோ குறைந்தால் அமுக்கம் சராசரி ஓர் அலகு குறையும் என்பது ஆய்வுகள் கண்ட உண்மை; உபதேசத்தில் பிழையில்லை. ஆனால் எமது பெண்கள் எங்கே நடப்பார்கள்? வைகறையில் கடற்கரை ஆண்களுக்குரியது. மாலையில் மைதானம் இளைஞருக்குரியது. பகலெல்லாம் அடுப்படி பெண்ணுக்குரியது. தனியே நடக்கப் புறப்பட்டவளை நோக்கி எத்தனை கண்கள், எத்தனை நாக்குகள்! நடக்க இடமும் நேரமும் கொடாமல் ‘நட’ என்பதும், பெருத்த பின் ‘ஊதிவிட்டாய்’ என்பதும் ஒரே சமூகத்தின் இரண்டு வாய்கள். மாமி குளிசையை நிறுத்தியதற்குப் பின்னால் கிளினிக்கின் மௌனம் மட்டுமன்று, கலியாண வீட்டின் ஏளனமும் இருந்தது என்பதை மறைத்துப் பேசுவது நேர்மையாகாது.

குளிசை சாகும்வரை தளையா என்றும் கேட்கிறார்கள். எல்லோருக்கும் அப்படியல்ல. அறுபது வயதைத் தாண்டியோரைக் கொண்டு அமெரிக்காவில் நடத்தப்பட்டு 1998இல் வெளியான ‘டோன்’ ஆய்வு, உப்பைக் குறைத்து நிறையையும் குறைத்தவர்களில் ஒரு பகுதியினர் மருந்தின்றியே அமுக்கத்தைக் கட்டுக்குள் வைத்திருக்க முடிந்ததைக் காட்டிற்று. ஆனால் அங்கே மருந்து நிறுத்தப்பட்டது கண்காணிப்பில். அளவுகள் மீண்டும் மீண்டும் எடுக்கப்பட்டன. குளிசையை விடும் உரிமையை நாம் மறுக்கவில்லை. அறிந்து விடும் உரிமையைக் கேட்கிறோம்.

நாம் வேண்டுவன பெரியவை அல்ல. குளிசை உறையில் மருந்தின் பெயரும் பயனும் விட்டால் வரும் கேடும் தமிழில் இருக்கட்டும். கிளினிக் நாளில் கேள்விகளுக்கென்றே ஒரு தாதி அமரட்டும். பெண்கள் அஞ்சாமல் நடக்கப் பிரதேச சபைகளும் மாநகர சபையும் இடம் ஒதுக்கட்டும். நோன்புக்கு முந்திய வாரங்களில் பள்ளிவாசல் ஒலிபெருக்கி குளிசையைப் பற்றியும் பேசட்டும். ஆசிரியர்களாகிய நாம், உயர்தர வகுப்பு மாணவருக்கு வீட்டிலுள்ளோரின் குளிசை உறையை வாசிக்கக் கற்றுக்கொடுப்போம். சிரித்துவைத்த குற்றத்திற்கு எம்மால் இயன்ற பரிகாரம் அது.

சென்ற மாதம் மாமியைக் கிளினிக்குக்கு நாமே அழைத்துச் சென்றோம். வரிசை பழையபடியே நீண்டிருந்தது. முறை வந்ததும், இடக்கையால் கொப்பியை நீட்டிய மாமி அதனை விடாமல் பிடித்துக்கொண்டார். “டொக்டர், இந்தப் புதுக் குளிசை என்ன? எதுக்கு? விட்டா என்ன நடக்கும்?” என்று குழறும் நாவால் ஒவ்வொன்றாகக் கேட்டார். இளம் வைத்தியர் நிமிர்ந்து பார்த்தார். பேனாவைக் கீழே வைத்தார். விடை சொன்னார். மூன்று நிமிடந்தான் ஆயிற்று. பின்னால் நின்ற ஒருவரும் முணுமுணுக்கவில்லை. எல்லோரும் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.